சாக்குடையும் தராசும்: எபிரேய இறைவாக்கினரும் மைசூர்ப் பஞ்சமும்

மைசூரு நகரின் பெரிய மணிக்கூண்டை அடுத்து நிற்கும் நகர மண்டபத்துக்கு ரங்காசார்லு நினைவு மண்டபம் என்று பெயர். 1884-இல் எழுந்த கட்டடம் அது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து, 1881-இல் மைசூர் சமஸ்தானத்தின் திவானாகி, ஈராண்டு நிறையும் முன்பே மறைந்த சி. வி. ரங்காசார்லுவின் நினைவாக அது எழுப்பப்பட்டது. அவர் கையில் வந்து சேர்ந்த நாடு எத்தகையது என்பதை இரண்டு எண்கள் சொல்லும். 1871 கணக்கெடுப்பில் மைசூரின் மக்கள் தொகை 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1881 கணக்கெடுப்பில் அது 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நேர்ந்ததைத் தமிழர் இன்றும் தாது வருஷப் பஞ்சம் என்றே நினைவுகூர்கின்றனர். 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் மைசூரில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

இத்தகைய பேரழிவு நேரும்போதெல்லாம் எல்லாச் சமயங்களிலும் ஒரு கேள்வி எழும்: இது தெய்வத்தின் தண்டனையா? விவிலியம் அறிந்தோர் இக்கேள்விக்கு விடை தேடும்போது எபிரேய இறைவாக்கினரிடம் போவது வழக்கம். பழைய ஏற்பாட்டின் இறைவன் சினத்தின் இறைவன், புதிய ஏற்பாட்டின் இறைவன் இரக்கத்தின் இறைவன் என்னும் வகுப்பறைச் சூத்திரம் அந்த வழக்கத்துக்குத் துணைநிற்கிறது. அந்தச் சூத்திரம் தவறானது. அதன் விளைவும் தீயது. இறைவாக்கினரை அவர்கள் மொழியிலேயே ஊன்றி வாசித்தால், நீதியும் இரக்கமும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்பட்டவை அல்ல என்பது தெளியும். இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டு. அதன் பெயர் திரும்புதல். அந்தப் பாதையில் ஒருவர் நடந்தாரா என்பதை அறிய இறைவாக்கினர் பார்த்தது அவருடைய கண்ணீரை அல்ல, அவருடைய தராசை. இந்த அளவுகோலைக் கொண்டு 1877-ஆம் ஆண்டு மைசூரைப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் ஆமோஸ். கிறித்து பிறப்பதற்கு முந்தைய எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் எரொபெயாமின் ஆட்சியில், வட இஸ்ரயேல் செல்வத்தில் திளைத்த காலத்தில் பேசியவர். தெக்கோவாவில் ஆடு வளர்த்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். மழை நின்றதும் பயிர் கருகியதும் இறைவன் விடுத்த அழைப்புகள் என்று அவர் நூலின் நான்காம் அதிகாரம் சொல்கிறது. அப்படியிருந்தும் மக்கள் திரும்பவில்லை என்னும் குறை அங்கே ஐந்து முறை ஒலிக்கிறது. தமிழ் வாசகருக்கு இந்தச் சிந்தனை அயலானதன்று. அரசன் முறை தவறினால் வானம் பொய்க்கும் என்பது வள்ளுவரும் கொண்ட கருத்து. இரு மரபுகளும் மழையையும் முறையையும் ஒரே கயிற்றில் கட்டின.

அந்தக் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. ஆமோஸ் குற்றஞ்சாட்டியது பசித்துக் கிடந்தோரை அல்ல. தந்தக் கட்டிலில் சாய்ந்திருந்தோரை. எட்டாம் அதிகாரத்தில் அவர் தானிய வணிகரைக் கூண்டில் ஏற்றுகிறார். ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது களஞ்சியத்தைத் திறந்து விற்கலாம் என்று காத்திருப்போர் அவர்கள். மரக்காலைச் சிறிதாக்குவார்கள், காசை நிறுக்கும் எடைக்கல்லைப் பெரிதாக்குவார்கள், பதரையும் விலைக்குத் தள்ளுவார்கள், ஒரு சோடி செருப்பின் விலைக்கு ஏழையை வாங்குவார்கள். இறைநீதி என்பது ஆமோசுக்கு வானத்திலிருந்து விழும் இடி மட்டுமன்று. அது சந்தையில் தொங்கும் தராசின் முள்.

இதே ஆமோஸ்தான் இரக்கத்துக்காகவும் மன்றாடினார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஏழாம் அதிகாரத்தில் வெட்டுக்கிளியின் காட்சியும் நெருப்பின் காட்சியும் வருகின்றன. இரண்டு முறையும் ஆமோஸ் குறுக்கே நின்று, யாக்கோபு மிகச் சிறியவன், எப்படித் தாங்குவான் என்று கேட்கிறார். இரண்டு முறையும் இறைவன் மனம் இளகுகிறார். மூன்றாவது காட்சியில் மேஸ்திரி சுவரில் பிடிக்கும் தூக்குநூல் தொங்குகிறது. அங்கே ஆமோஸ் மன்றாடவில்லை. சுவர் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகு, அது சாயவில்லை என்று சொல்வது இரக்கமாகாது. அடியில் நிற்பவன் மேல் அது விழும்.

எபிரேய மொழி இந்த உறவைத் தன் சொற்களிலேயே காத்து வைத்திருக்கிறது. இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்னும் சொல் கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்பதோடு ஒரே வேரில் கிளைத்தது; பெற்ற வயிறு என்று தமிழில் சொல்லும்போது எழும் பொருள் அதில் உண்டு. திரும்புதலைக் குறிக்கும் 'ஷூவ்' என்னும் வினைச்சொல்லோ கால்களுக்கு உரியது. போன வழியை விட்டு வந்த வழிக்குத் திரும்புவதுதான் அது. ஊருக்குத் திரும்பும் வழிப்போக்கனுக்கும் அதே சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்புகளில் இச்சொல் சில இடங்களில் 'திரும்புதல்' என்றே வருகிறது. பல இடங்களில் 'மனந்திரும்புதல்' என்றும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'மனம் மாறுதல்' என்றும் வருகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'மெதநோயா' மனத்தின் மாற்றத்தைக் குறிப்பது. 'மனம்' என்னும் முன்னொட்டு அச்சொல்லுக்குப் பொருந்தும். அந்தக் கிரேக்கச் சொல்லின் நிழல் எபிரேய வினையின் மேலும் விழுந்தபோது இழப்பு நேர்ந்தது. திரும்புதல் மெல்ல மெல்ல நெஞ்சுக்குள் நிகழும் ஒன்றாகிவிட்டது. தெருவில் பிறர் பார்க்க நடக்கவேண்டியது என்னும் பொருள் மங்கியது. நெஞ்சுக்கு இடமே இல்லை என்பதன்று. உடையைக் கிழிக்காதீர், இதயத்தைக் கிழியுங்கள் என்னும் கருத்தில் யோவேல் பேசுவதைத் திருநீற்றுப் புதனன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கின்றனர். கிழிந்த இதயம் பயணத்தின் தொடக்கம். அங்கேயே நின்றுவிடுபவர் இன்னும் திரும்பவில்லை.

திரும்புதலின் முழு நாடகம் யோனா நூலில் இருக்கிறது. நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறு நூல். யூதர்கள் யோம் கிப்பூர் என்னும் பாவக்கழுவாய் நாளின் பிற்பகலில் அதை முழுமையாக வாசிக்கின்றனர். நினிவே அழியும் என்று யோனா அறிவித்ததும் அந்நகரத்து மன்னன் அரியணையிலிருந்து இறங்கி, அரச உடையைக் களைந்து, சாக்குடை உடுத்திச் சாம்பலில் அமர்கிறான். ஒவ்வொருவரும் தம் தீய வழியையும் தம் கைகளிலுள்ள கொடுமையையும் விட்டுத் திரும்பவேண்டும் என்று ஆணையிடுகிறான். இறைவன் பார்த்தது எதை? மிஷ்னாவின் தஆனித் பகுதி இதற்கு ஒரு கூர்மையான விளக்கம் தருகிறது. அப்பகுதி மழை பொய்த்த காலத்து நோன்புகளைப் பற்றியது. அந்த நோன்பு நாளில் ஊர்ப் பெரியவர் எழுந்து மக்களுக்கு நினைவூட்டவேண்டிய செய்தி இது: நினிவேயாரின் சாக்குடையையும் நோன்பையும் இறைவன் கண்டார் என்று நூல் சொல்லவில்லை, அவர்களுடைய செயல்களைக் கண்டார் என்றே சொல்கிறது. தல்மூத் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருடிய உத்தரத்தை வைத்து ஒருவன் மாளிகை கட்டியிருந்தால், மாளிகையையே இடித்து அந்த உத்தரத்தை உரியவனிடம் சேர்க்கவேண்டும். நினிவேயார் அப்படியே செய்தனர் என்கிறது. வறட்சியின் நடுவே, வானத்தை நோக்கிக் கைகூப்பிய கூட்டத்தின் முன்னால், கையிலிருப்பதைத் திருப்பிக் கொடு என்று சொல்லும் மரபு அது.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. முறை பிழைத்ததை உணர்ந்த கணமே பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் விடுகிறான். நினிவே மன்னனும் அரியணையை விட்டு இறங்குகிறான்; ஆனால் உயிரோடு இருந்து தன் நகரத்தைத் திருப்புகிறான். பாண்டியனின் மரணம் மாண்புடையது. ஆயினும் அந்த மாண்பு மதுரையைக் காக்கவில்லை. கண்ணகி ஏவிய தீயிலிருந்து விலக்குப் பெற்றோர் பட்டியலில் குழந்தைகளும் பசுக்களும் உண்டு. யோனா நூலின் இறுதியில் இறைவன் பரிந்து பேசுவதும் வலக்கை இடக்கை அறியாத ஓர் இலட்சத்து இருபதாயிரம் பேருக்காகவும் கால்நடைகளுக்காகவும்தான். இரு நூல்களும் ஒரே இடத்தில் வந்து இரக்கத்தைத் தொடுகின்றன.

அதன் பிறகே வழிகள் பிரிகின்றன. சிலம்பின் உரைபெறு கட்டுரை சொல்லும் செய்தி அச்சந்தருவது. பாண்டிய நாட்டில் மழை வறண்டு நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான், மழை பெய்தது. தீர்ப்பு வழங்கியது அரியணை. விலை கொடுத்தது ஒரு தொழிற்குலம். கோவலனை வஞ்சித்தவன் பொற்கொல்லன் ஒருவனே. பழியை வேறொருவர் தலைக்கு மாற்றி வானத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளும் இந்த முறையை இறைவாக்கினர் திரும்புதல் என்று ஏற்கமாட்டார்கள். தந்தையின் பழியை மகனும் மகனின் பழியைத் தந்தையும் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தில் விரிவாக வாதிடுகிறார். தீயவன் சாவதில் இறைவனுக்கு மகிழ்ச்சி இல்லை, அவன் தன் வழியை விட்டுத் திரும்பி வாழ்வதிலேயே மகிழ்ச்சி என்பது அவ்வதிகாரத்தின் முடிவு.

இந்த வெளிச்சத்தில் மைசூரைப் பார்க்கலாம். 1831 முதல் நாடு ஆங்கிலேய ஆணையரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1876-இல் பருவமழை பொய்த்தபோது ராகியை நம்பிய சிற்றூர்கள் முதலில் வீழ்ந்தன. மழை பொய்த்தது எவருடைய குற்றமும் அன்று. ஆனால் அந்த நாளைய ஆட்சியின் கொள்கை மழைக்குப் பிந்தியது. தானிய வணிகத்தில் அரசு தலையிடக்கூடாது என்பதில் வைசிராய் லிட்டன் உறுதியாக இருந்தார். சென்னை அரசு தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டபோது மேலிடம் அதை விரும்பவில்லை. பஞ்ச நிலையைக் கண்டறிய அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வகுத்தார். அந்த அளவு உயிரைத் தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்.

டெம்பிளின் கதையில் ஒரு தலைகீழ்த் திரும்புதல் இருக்கிறது. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே மனிதர் பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கினார். பட்டினிச் சாவுகள் மிகக் குறைவு. அதற்காகப் பாராட்டு வரவில்லை. செலவாளி என்னும் கண்டனம்தான் வந்தது. அந்தக் கண்டனத்துக்குப் பணிந்து, 1877-இல் அவர் இரக்கத்தை விட்டுச் சிக்கனத்துக்குத் திரும்பினார். மனம் மாறியது, செயலும் மாறியது. திசைதான் பிழை. மனமாற்றம் என்னும் சொல் தனியே நின்று எதையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இரக்கம் அறவே இல்லாமலும் போகவில்லை. லண்டன் மாநகரத் தலைவரின் நிதிக்குப் பல லட்சம் பவுண்டுகள் திரண்டு வந்தன. கஞ்சித் தொட்டிகளும் அநாதை இல்லங்களும் எழுந்தன. அவற்றில் உயிர் பிழைத்தோரை மறப்பது நன்றிகெட்ட செயல். ஆயினும் இரக்கத்தின் இந்தக் கையும் கணக்கெழுதிய கையும் ஒரே உடலுக்கு உரியவை. பஞ்சத்தின் முடிவில் மைசூர் இந்திய அரசுக்கு 80 லட்சம் ரூபாய் கடன்பட்டிருந்தது. 1881 மார்ச்சில் நாடு பத்தாம் சாமராஜ உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஆண்டுக் கப்பம் 24.5 லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்த்தப்பட்டது. பஞ்சத்தால் நொடித்த நாடு என்பதால் உயர்வு மட்டும் ஐந்தாண்டுகள் தள்ளிவைக்கப்பட்டது. ஆறில் ஒரு பங்கு மக்களை இழந்த நாட்டுக்குக் கிடைத்த சலுகை தவணை. ஆமோஸ் இந்த ஏட்டைப் பார்த்திருந்தால் எந்த வரியில் விரல் வைத்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஆட்சியாளர்கள் தம் காலத்துப் பொருளியலை உண்மையென நம்பினர்; அவர்களை எட்டாம் நூற்றாண்டு இறைவாக்கினரின் கூண்டில் நிறுத்துவது காலமுரண் என்பது முதலாவது. நல்ல மறுப்பு. யோனா நூலே இதற்கு இடம் தருகிறது: வலக்கை இடக்கை அறியாதோர் மேல் இறைவன் பரிவு கொள்கிறார். ஆனால் கார்னிஷ் எழுதிய பிறகு, சாவுக் கணக்கு மேசைக்கு வந்த பிறகு, அறியாமை என்னும் காப்பு தேய்ந்துபோகிறது. இரண்டாவது மறுப்பு பாதிக்கப்பட்டோரின் பக்கத்திலிருந்து வருவது. இது இன்னும் கனமானது. கொடுமை செய்தவன் திரும்பினால் போதுமா, மாண்டோருக்கு என்ன வழி? யோனாவின் கோபம் இதுவே. நினிவே அசீரியப் பேரரசின் நகரம், கி.மு. 722-ஐ ஒட்டி வட இஸ்ரயேலை அழித்தது அந்தப் பேரரசு. இரக்கமுள்ள இறைவன் என்று தெரிந்துதான் முதலில் ஓடிப்போனேன் என்று யோனா முறையிடுகிறார். அவரை அற்பர் என்று கேலி செய்வோர் அந்த வரலாற்றை மறந்துவிடுகின்றனர். அவருக்கு இறைவன் தரும் விடை கண்டனமாக இல்லை. ஒரு செடியைக் காட்டிக் கேட்கப்படும் கேள்வியாக இருக்கிறது. யோனா அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது நூலில் இல்லை. மாண்டோருக்கு ஈடு செய்ய எந்தத் திரும்புதலாலும் முடியாது என்பதை அந்த மௌனம் ஒப்புக்கொள்வதாகவே கொள்ளலாம். அடுத்து மாள இருப்போரைக் காப்பது மட்டுமே திரும்புதலால் இயலும்.

அந்த அளவில் மைசூரில் ஏதேனும் திரும்பியதா? சிறிது திரும்பியது. ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. மைசூரின் பஞ்ச ஆணையராக இருந்து, அப்பஞ்சத்தின் வரலாற்றையும் எழுதிய சார்லஸ் எலியட்டே அதன் செயலர். 1883-இல் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. பட்டினியைத் தடுப்பது அரசின் கடமை என்பது ஏட்டில் ஏறியது. பெங்களூரிலிருந்து வந்த இருப்புப்பாதை 1882-இல் மைசூரை அடைந்தது. இவற்றுக்கு நடுவே ரங்காசார்லு செய்தது வேறு வகையானது. 1881 அக்டோபர் 7-ஆம் நாள், தசரா காலத்தில், 144 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை மைசூரில் கூடியது. அரசு தன் ஆண்டுக் கணக்கைக் குடிகளின் முன் விரித்து, அவர்களின் குறைகளைக் கேட்பதே அதன் நோக்கம். ஓர் அரியணை சற்றே கீழிறங்கியது என்று சொல்லலாம்.

ஆனால் அந்த 144 பேர் யார்? நிலமுடைய குடியானவர்களும் வணிகர்களும். பஞ்சத்தில் முதலில் மாண்ட கூலிகளுக்கும் நிலமற்றோருக்கும் அங்கே நாற்காலி இல்லை. மரக்காலைப் பிடித்திருந்தோர் அவையில் அமர்ந்தனர். அதில் அளந்து வாங்கியோர் வெளியே நின்றனர். ரங்காசார்லுவின் முயற்சியைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவேண்டியதில்லை. அவர் காலத்தில் இந்தியாவின் வேறெந்தச் சமஸ்தானமும் அவ்வளவு தூரம் வரவில்லை. திரும்புதல் பாதி வழியில் நின்றது என்று சொன்னால் போதும். நினிவேயின் ஆணை அரசன் முதல் கால்நடை வரை அனைவரையும் உள்ளடக்கியது என்பதை நினைவில் வைத்தால் மீதி வழியின் நீளம் தெரியும்.

இறையியல் துறைகளில் ஆமோஸ் தனியே படிக்கப்படுகிறார். வரலாற்றுத் துறைகளில் எலியட்டின் அறிக்கை தனியே படிக்கப்படுகிறது. தமிழ்த் துறைகளில் உரைபெறு கட்டுரை ஒரு முன்னுரையாகக் கடந்து செல்லப்படுகிறது. மூன்றும் வறட்சிக்கு முன் அதிகாரம் என்ன செய்கிறது என்னும் ஒரே பொருளைப் பேசுகின்றன. மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைக்கும் மாணவர், பஞ்சம் தண்டனையா என்னும் கேள்வியைச் சற்று நேரம் ஒதுக்கிவிட்டு, தஆனித் பகுதியின் பெரியவர் கேட்டதைக் கேட்கலாம்: யாருடைய உத்தரம் எந்த மாளிகையில் இருக்கிறது? கர்நாடகத்தின் தென்பகுதியில் மழை பொய்க்கும் ஆண்டுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. காவிரி நீரைப் பங்கிடும் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கப்படுகிறது. கோயிலிலும் மசூதியிலும் தேவாலயத்திலும் மழைக்காக மன்றாடும் அந்நாள்களில் இறைவாக்கினர் கேட்பது, அந்தக் கணக்கேட்டையும் அங்கே கொண்டுவர வேண்டும் என்பதே.